பாகம் பதினான்கு

‘தாங்கியைப் பாகம் 14-இல் பற்றவைக்கவும்.’
நான்தான் தட்டினேன், கையால்,
ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்த ஒரு மதியம்.
அன்று பதினான்கு என்பது அடித்தட்டு.
உண்மையைத்தான் எழுதினேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை
ஆறாம் இடத்தில் ஒரு வாஷரைச் செருகினேன்.
இருபது காசு பெறாத வளையம்.
அதன் பின்னால் நின்றவை எல்லாம்
வங்கி வரிசையில் கர்ப்பிணிக்கு வழிவிட்டதுபோல
ஓரடி தள்ளி நின்றன.
அடித்தட்டு பதினைந்தானது.
பதினான்கில் வந்து நின்றது
தினமும் திறந்து மூடவேண்டிய மூடி.

பட்டியல் தன்னைத் திருத்திக்கொண்டது.
கூட்டுப்படத்தின் வட்டங்களுக்குள் எண்கள் மாறின.
என் வாக்கியம் மட்டும்
நடந்தது எதுவும் தெரியாமல்
வேறொரு கோப்பில் உட்கார்ந்திருந்தது.

ரோஸ்டி தாளில் உள்ளதைச் செய்கிறவன்.
அவன் இழுத்த பற்று மீன் செதில்போல
ஒரே சீராக, அழகாக இருந்தது.
மூடி இனித் திறக்காது.

ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
பிழிபொறிக்குள் நார் சிக்கியது.
எடுக்க வழியில்லை.
செம்பனைக் குலைகளோடு லாரிகள்
ஆலை வாசலிலிருந்து பெட்ரோல் நிலையம்வரை நின்றன.
பழம் காத்திருக்காது.
ஓட்டுநர்கள் டயர் நிழலில் படுத்து
யாரையோ திட்டினார்கள்.
பெயர் தெரிந்திருந்தால்
யோகவல்லி என்று சொல்லியே திட்டியிருப்பார்கள்.

தவுக்கே யாப் சொன்னார்,
பதினான்கு என்றாலே இப்படித்தான்.
அவர் கட்டிய தாமானில் பதினான்காம் வீடு கிடையாது,
பதின்மூன்று ஏ.
அதில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன்.
தபால்காரர் என் மின்கட்டணத்தைப்
பதினைந்தில் போட்டுவிட்டுப் போகிறார்.

அன்றிரவு, பெட்டியோடு கழற்றி வந்த மூடியை
ரோஸ்டி கீழே அறுத்தான்.
நான் மாடியில் அடித்தட்டின் கோப்பைத் திறந்து
உன் எண் என்ன என்று தேடினேன்.
அதற்குத் தெரியவில்லை.
எடை தெரிகிறது, எஃகின் வகை தெரிகிறது,
பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிப்பு தெரிகிறது.
எண் அதன் உடம்பில் இல்லை,
கூட்டம் கொடுப்பது.
இதே அடித்தட்டு பிழிபொறியில் பதினைந்து,
கன்வேயரில் முப்பத்திரண்டு.
எங்கே நிற்கிறாய் என்று கேட்காமல்
யாரென்று சொல்ல முடியாது.

ஆகவே அந்த 14-ஐ அழித்தேன்.
அந்த இடத்தில் இன்னோர் எண்ணை வைக்கவில்லை,
ஒரு விரலை வைத்தேன்.
இந்தக் கூட்டில் இந்த அடித்தட்டைக் காட்டும் விரல்.
இன்று அதன் சட்டையில் எந்த எண் குத்தியிருக்கிறதோ
அதை வாசித்துச் சொல்.

வாஷரை எடுத்தேன்: 14.
வைத்தேன்: 15.
எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.
இரவு இரண்டு மணிக்கு ஒருத்தி தனியாகச் சிரிப்பது
கீழே கிரைண்டர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அப்புறம் அடித்தட்டையே நீக்கிப் பார்த்தேன்.
‘தாங்கியைப் பாகம் ?-இல் பற்றவைக்கவும்.’

தவுக்கேக்கு அது பிடிக்கவில்லை.
வாடிக்கையாளர் பார்த்தால் என்ன நினைப்பார்,
ஏதாவது ஓர் எண்ணைப் போடு.
ஏதாவது ஓர் எண்ணால்தான்
நாற்பது டன் பழம் புளித்தது என்றேன்.
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்,
போய்விட்டார்.

அடுத்த மாதம் வேறொரு பொறி.
பேரிங் உறையை மாற்றிப் போட்டதில்
எங்கோ ஓர் இணைப்பு அறுந்திருக்கிறது.
நான் கவனிக்கவில்லை. தாள் கீழே போனது.

பத்து நிமிடத்தில்
இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம்.
நான்கு வருடத்தில் ரோஸ்டி இந்த மாடிக்கு ஏறியதில்லை.
கையுறையைக் கழற்றி,
எண்ணெய் படாத சுண்டுவிரலால்
கேள்விக்குறியைத் தொட்டுக் காட்டினான்.
“யாங் மானா?”

எது என்று கேட்கிறான்.

எதிரில் இருந்த நாற்காலியில்
பழைய படச்சுருள்கள் கிடந்தன.
அள்ளித் தரையில் வைத்துவிட்டு
அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.